துறை சார்ந்த வேலை

தொழில்நுட்பக் கல்லூரியின் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் வைக்கிற மூலையில், ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் இருந்தன. அங்கே உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் ஹலோ சார் என்றார்கள். அவருக்கு வேறு பெயர் இருந்தது. அது சம்பளம் போடும் கணக்கருக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். மனைவியும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வேலை இதுதான். படிப்பை முடித்துப் போனவர்களை ஆறு மாதம் கழித்துக் கூப்பிட வேண்டும். என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு கல்லூரி தன் மாணவர்களுக்கு எந்த அளவுக்கு உதவியது என்பதை மேலிடம் இந்த ஒரு கேள்வியால்தான் அளந்தது. நூற்றுக்கு எழுபது பேராவது படித்த துறையிலேயே வேலை பார்க்க வேண்டும். குறைந்தால் அந்தப் பிரிவை இழுத்து மூடிவிடுவார்கள்.

முதல் வருடம் ஹலோ சார் நேராகக் கேட்டார். "என்னப்பா வேலை பாக்குற?" என்றார். ஒருவன் போனை வைத்தான். ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஒரு பெண் அழுதாள். நூற்றுக்கு முப்பது பேர்கூடத் தேறவில்லை.

கல்லூரி முதல்வருக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். எதிரே நான்கு பேர் நின்றாலும் மைக் கொண்டுவரச் சொல்வார். அன்றைக்கு மைக் இல்லாமலே கத்தினார்.

"எழுபது பேர் இருக்காங்க சார். எங்கயோ இருக்காங்க. நீங்க கேக்குற கேள்வியைப் பாத்து ஒளிஞ்சுக்கிறாங்க. கேள்வியை மாத்துங்க, வெளிய வருவாங்க."

ஹலோ சார் மாற்றினார். அதுதான் அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே பொருள். என்ன வேலை என்று கேட்கவே மாட்டார். முதலில், "கையில ஏதாவது வருமானம் வருதா?" என்பார். வருகிறது என்றால், "வேலையில ஏதாவது கருவி தொடுறீங்களா?" என்பார். அதற்கும் ஆமாம் என்றால் முடிந்தது. துறை சார்ந்த வேலை. சைக்கிள் செயினை இறுக்குகிற பார்சல் பையன் இயந்திரவியல். செல்போன் கடையில் உறை விற்பவன் மின்னணுவியல். எடை போட்டுக் காய்கறி விற்பவன் அளவீட்டுக் கருவியியல்.

"ஹலோ சாரா? நான் கல்யாண மண்டபத்துல சமையலுக்கு நிக்கிறேன் சார்," என்றான் ஒருவன். "எனக்குக் கருவி எங்க சார்? கரண்டிதான்."

"கேஸ் அடுப்பு இருக்கில்ல தம்பி?"

"இருக்கு."

"அதுல ரெகுலேட்டர் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அதை யாரு திருப்புறா?"

"நான்தான் சார்."

"அழுத்தக் கட்டுப்பாடு," என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. "சார், அப்போ எங்கம்மா இருபது வருஷமா இன்ஜினியர் சார்!"

இன்னொருவன் அவரைவிடக் கெட்டிக்காரன். "உங்க காலேஜ்ல நான் உருப்படியா கத்துக்கிட்டது வருகைப் பதிவுல கையெழுத்துப் போடறது மட்டும்தான் ஹலோ சார். இப்போ அதுதான் சோறு போடுது. வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு பார்சல் குடுக்கறேன். இதையும் துறை சார்ந்ததுன்னு எழுதிக்கோங்க, பரவாயில்ல."

எழுதிக்கொண்டார்.

எண் எழுபதைத் தாண்டியது. எண்பதைத் தாண்டியது. கல்லூரி வாசலில் பெரிய பலகையில் தொண்ணூற்று மூன்று என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பிள்ளைகளின் படம் போட்டார்கள். ஹலோ சார் தினமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் சைக்கிளை நிறுத்துவார். அந்த எண்ணை எந்த அடுப்பில் வைத்துக் காய்ச்சினோம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு பொய்யைத் தன் கையாலேயே செய்து, தினமும் அதன் நிழலில் சைக்கிளை நிறுத்தினால், அது கொஞ்சம் கொஞ்சமாக மரம் மாதிரி ஆகிவிடுகிறது. யார் நட்டது என்பது மறந்துபோகிறது.

மகள் பள்ளியை முடித்தபோது வேறு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஹலோ சார் தன் கல்லூரியில் அளவீட்டுக் கருவியியலில் சேர்த்தார்.

அம்மா துணி தேய்த்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்தவள். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏங்க, நீங்க விக்கிற சரக்கை நீங்களே வாங்கப் போறீங்களா?"

"தொண்ணூத்தி மூணு சதவீதம்," என்றார் அவர்.

"யாரு எண்ணுனா?"

"நான்தான்."

"அதான் கேட்டேன்," என்று அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

ஆய்வகத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை இருந்தது. வால்வு, பம்ப், அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் பொருத்தியது. வாங்கிய நாளிலிருந்து அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை. உறையை எடுத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். உத்தரவாதம் எப்போதோ முடிந்துபோனது, உறை மட்டும் இருந்தது. மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து அதை வரைவார்கள். செய்முறைத் தேர்வும் வரைவதுதான். மகள் நன்றாக வரைந்தாள். ஒவ்வொரு குமிழும், திருகும், உறையின் மடிப்பு விழுந்த கோடும்கூட அப்படியே வந்தது. ஒரு குமிழையும் அவள் தொட்டதில்லை.

முதல் வகுப்பில் தேறினாள். நகரத்துக்கு வெளியே இருந்த பார்சல் கிடங்கில் சேர்ந்தாள். பெல்ட்டில் வரும் பெட்டிகளைப் பார்த்து, பின்கோடு படி தொட்டிகளில் எறிவது வேலை. அன்றன்றைக்குத்தான் கூலி. அங்கே அவளுக்குப் பெயர் இல்லை, ஒரு தொட்டி எண். அப்பா வீட்டில் அதைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பிடும்போது அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

அந்த வருடம்தான் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பத்துப் படி ஏறினால் நின்றார். தொலைபேசியில் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆளே இருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகளிடம் சிரித்தார். "உன் சப்ஜெக்ட்தான் பாப்பா. நல்லா வரைவியே."

கல்லூரியை நடத்திய அறக்கட்டளைக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனை இருந்தது. நிரந்தர ஊழியருக்கு அங்கே அட்டை உண்டு. அட்டை இருந்தால் அறுவை சிகிச்சை இலவசம். ஹலோ சார் சேர்ந்த நாளிலிருந்தே தற்காலிகம்.

முதல்வரிடம் போய் நின்றார். முதல்வர் அவரை உட்காரச் சொன்னார். இதுவரை சொன்னதில்லை.

"மதிப்பீட்டுக் குழு வருது சார். அளவீட்டுக் கருவியியல் பிரிவுமேல அவங்களுக்கு ஒரு சந்தேகம். இந்தத் தடவை உங்க எண்ணை நம்ப மாட்டாங்க, அவங்களே சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேப்பாங்க. நல்ல தரம் வாங்கிக் குடுங்க. மறுநாள் நீங்க நிரந்தரம். அட்டை கையில."

குழுவில் மூன்று பேர். தலைவர் வெள்ளை முடியும் மெதுவான பேச்சும் உள்ள அம்மையார். மற்ற இருவரும் அவர் சிரித்தால் சிரித்தார்கள். ஆய்வகத்தில் அன்றைக்கு உறையை எடுத்திருந்தார்கள். பலகை பளபளத்தது. மின்சாரம் கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. "இப்பத்தான் ஆஃப் பண்ணோம் மேடம்," என்றார் துறைத் தலைவர். பிறகு குழு மாடிப்படிக்குக் கீழே வந்தது. துடைப்பத்தை எடுத்து ஒளித்துவிட்டு மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதல்வர் பின்னால் கைகட்டி நின்றார்.

அம்மையார் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டார். ஐந்து பேர். முதல் நான்கு பேரை ஹலோ சார் தன் முறையில் கேட்டார். வருமானம், கருவி. மூன்று பேர் தேறினார்கள். நான்காவது எண்ணை யாரும் எடுக்கவில்லை.

ஐந்தாவது மகளின் எண்.

அவர் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஒரு விரல், வேறு ஒருவன், வேறு ஒரு திட்டு. மகள் என்றால் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தாரா, சொல்வாள் என்று நினைத்தாரா, யாருக்குத் தெரியும். எண்ணைப் போட்டார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் அம்மையார். "இந்த முறை நேரா கேளுங்க. என்ன வேலை செய்றாங்கன்னு. ஸ்பீக்கர்ல போடுங்க."

கிடங்கில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குழு வருகிற வாரம் என்பதால் மகள் சாக்ஸுக்குள் ஒளித்துவைத்திருந்தாள். கழிவறைப் பக்கம் ஓடிப் போய் எடுத்தாள்.

"ஹலோ. கல்லூரியிலேருந்து பேசறோம்," என்றார் அப்பா. "நீங்க போன வருஷம் படிப்பை முடிச்சவங்கதானே?"

பிறந்ததிலிருந்து அவர் அவளை நீங்க என்றதில்லை. அந்தப் பக்கம் பெல்ட் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஆமாங்க சார்."

"இப்போ நீங்க... என்ன வேலை பாக்கறீங்க?"

வாக்கியத்தின் நடுவில் மூச்சு நின்றதை அவள் கேட்டாள். அது நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் சார். நிரந்தர வேலை."

பின்னால் ஒலிபெருக்கி அலறியது. ஒரு தொட்டி எண்ணைச் சொல்லி, எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டது.

"அது என்னம்மா சத்தம்?" என்று அம்மையார் குனிந்து கேட்டார்.

"பிளான்ட்ல அறிவிப்பு மேடம். ஒரு டேங்க்ல லெவல் ஏறிடுச்சு, பாக்கப் போகணும்."

"அப்ப சீக்கிரம் முடிச்சுடறேன். காலேஜ்ல அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையில வேலை செஞ்சிருக்கீங்களா?"

"அதுல ஒவ்வொரு குமிழும் எனக்குத் தெரியும் மேடம்."

"கடைசிக் கேள்வி. இந்தக் கல்லூரி உங்களுக்கு எவ்வளவு பயன்பட்டுச்சு? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"அஞ்சு," என்றாள் மகள். "அஞ்சுக்கு மேல இருந்தா அதையும் போட்டுக்கோங்க."

போன் நின்றது. அம்மையார் ஹலோ சாரைப் பார்த்துப் புன்னகைத்தார். "இந்தப் பொண்ணைப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க."

"ஆமாங்க மேடம்," என்றார் அவர்.

அன்று மகளுக்கு அரை நாள் கூலி போனது. இடத்தை விட்டு நகர்ந்த குற்றம். வீட்டில் அவள் செருப்பைக் கழற்றும்போது அப்பா வாசலில் நின்றார். "நல்லா பேசுன பாப்பா," என்றார். அவள், "நீங்களும்தாம்பா," என்றாள்.

கல்லூரிக்கு உயர்ந்த தரம் வந்தது. மைக்கில் பேசிப் பேசி முதல்வருக்குத் தொண்டை கட்டிப்போனது. பிறகு ஹலோ சாரைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தார்.

"அது உங்க பொண்ணாமே! துறைத் தலைவர் சொன்னாரு. ஒரு வார்த்தை சொல்லலையே, அமுக்கு ஆளு சார் நீங்க!"

"நிரந்தர ஆணை எப்போங்க சார் வரும்?"

"வந்த மாதிரிதான். ஆனா குழு இன்னொரு தடவை வந்து சரிபாக்கும், அது ஒரு சடங்கு. அதுவரைக்கும் உங்க வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா தரமும் போச்சு, ஆணையும் போச்சு."

அடுத்த வாரமே சுவரொட்டி வந்தது. சேர்க்கைப் படிவத்திலிருந்து எடுத்த மகளின் படத்தைப் பெரிதாக்கி, தலையில் மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தொப்பி வரைந்து ஒட்டியிருந்தார்கள். 'எங்கள் மாணவி, இன்று ஒரு தொழிற்சாலையின் கருவிகளை ஆள்கிறார்' என்று கீழே எழுதியிருந்தது. கல்லூரி வாசலில், பேருந்துகளின் முதுகில், அறக்கட்டளையின் மருத்துவமனையில் எல்லாம் அவள் சிரித்தாள். கிடங்கில் கூட வேலை செய்கிறவர்கள் அவளை "மகாராணி" என்றார்கள். "மகாராணி, பெரிய பெட்டி வருது, ஆட்சி பண்ணுங்க!"

ஆணை வரவில்லை. ஹலோ சாருக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினார். கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு மகளோடு அனுப்பினாள். மருத்துவமனையில் அட்டை இல்லாதவர்களுக்கும் சில இலவசப் படுக்கைகள் உண்டு என்று கடையில் வெள்ளைக் கோட்டைத் தேய்க்கக் கொடுக்கிற நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கூடத்தில் அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மகள் கவுன்டருக்குப் போனாள். பதிவுக்காரருக்கு நடு வயது. பேனாவைக் காதில் செருகியிருந்தார்.

"இலவசப் படுக்கையா? வீட்டுல நிரந்தர வேலையில பிள்ளைங்க யாராவது?"

"இல்லைங்க. நான் மட்டும்தான். பார்சல் கிடங்குல தினக்கூலி."

பதிவுக்காரர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். அவள் தலைக்கு மேலே, அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க சுவத்துல படமா சிரிச்சிட்டு எங்ககிட்டயே பொய் சொல்றியா?"

"அது பொய்ங்க. இதுதான் நிஜம்."

"எல்லாரும் இங்க வந்து ஏழை ஆயிடுவாங்க. அந்தத் தொப்பியைக் கழட்டி வெச்சிட்டு வந்தா எனக்கு அடையாளம் தெரியாதா?" அவர் எழுந்து பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பெரியவரே! நீங்க சொல்லுங்க. இந்தப் படத்துல இருக்கறது உங்க பொண்ணா? இவங்க டெக்னீஷியனா, இல்ல மூட்டை தூக்கறவங்களா? கூலிவேலைன்னு நீங்க சொன்னா இப்பவே காலேஜுக்குப் போன் போட்டுக் கேக்கறேன், படுக்கை குடுக்கறேன்."

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

ஹலோ சார் மகளைப் பார்த்தார். மகள் தலையை அசைத்தாள். சொல்லுங்கப்பா, என்று உதட்டை மட்டும் அசைத்தாள். இங்கே இன்றைக்கு ஒரு படுக்கை இருந்தது. அங்கே என்றைக்கோ வரப்போகிற ஒரு ஆணை இருந்தது. கல்லூரிக்குப் போன் போனால் ஆணை செத்தது. அவர் இத்தனை வருடம் காத்திருந்தது படுக்கைக்கு இல்லை. நிரந்தரம் என்ற வார்த்தைக்கு.

"டெக்னீஷியன்தாங்க," என்றார். மூச்சு வாங்கியது. "நானே... கேட்டேன். ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டோம்."

பதிவுக்காரர் உட்கார்ந்துகொண்டார். "அப்புறம் என்னம்மா. உங்க கம்பெனியில காப்பீடு இருக்கும், கேட்டு வாங்குங்க. அடுத்தவங்க வாங்க."

வெளியே படியில் உட்கார்ந்தார்கள். மகள் கத்தினாள். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "உங்களுக்காகத்தானே நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்? இப்போ யாருக்காக நீங்க சொல்றீங்க?"

"கத்தாத பாப்பா. ஆணை வரட்டும். இந்த மாசமே வந்துடும். முன்வாசல் வழியா, அட்டையோட வருவோம். அவன் எழுந்து நிப்பான்."

அந்த மாதம் முடிவதற்குள், ஒரு நாள் மதியம், மேசையில் போனைக் காதில் வைத்தபடியே செத்துப்போனார். அந்தப் பக்கம் யாரோ ஒரு பழைய மாணவன் வெகுநேரம், "ஹலோ சார், கேக்குதா? ஹலோ சார்?" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறான். அவர் ஏதோ தந்திரமான கேள்வி யோசிக்கிறார் என்று நினைத்தானாம்.

காரியம் முடிந்த பிறகு முதல்வர் வீட்டுக்கு வந்தார். ஓட்டுநர் பெரிய மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கல்லூரியின் பெயர் போட்ட பட்டை அதில் குறுக்கே ஓடியது. முதல்வர் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். குழு சரிபார்க்க வரவே இல்லை, தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள் என்றார். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இந்த வருஷம் உங்க பிரிவுல ஒரு இடம்கூடக் காலி இல்லை. எல்லாம் உங்க படம் பண்ண வேலை."

மகள் வலது தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்பாவோட இடம் சும்மா கிடக்குது. அன்னிக்கு ஸ்பீக்கர்ல உங்க குரலைக் கேட்டேன், என்ன ஒரு தெளிவு! கிடங்குல பெட்டி தூக்கற கை இல்லம்மா இது. நாளைக்கே வாங்க. முதல்ல தற்காலிகம்தான். அப்புறம் பாத்துக்கலாம்."

"கிடங்கா?" என்றாள் மகள். "நான் டெக்னீஷியன் ஆச்சே சார்."

முதல்வர் முதலில் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார்.

அம்மா எழுந்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கனமாக இருந்தது, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். காரின் பின்னிருக்கையில் அதைத் திணித்தாள். பூக்கள் நசுங்கின.

"தம்பி," என்றாள் ஓட்டுநரிடம், "உங்க சாரைக் கூட்டிட்டுப் போங்க. எங்க வீட்டுல இதை வைக்க இடம் இல்லை."